கருவிழிப் புண்ணுக்கு எது மருந்து? – 500 பேர் தந்த விடை

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நம் கம்பம் பள்ளத்தாக்கில், லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைவது என்பதை நாம் அனைவரும் அறிவோம். அறுவடை நாட்களில் களத்துமேட்டைக் கடந்து பள்ளிக்கு வரும்போது, காற்றிலே பறக்கும் உமியும் சுணையும் நம் சீருடையிலும் ஒட்டிக்கொள்ளும். தட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அதே உமி கண்ணில் விழுந்தால் என்ன ஆகும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பத்தாவுக்கு அப்படித்தான் நேர்ந்தது. நெல் தூற்றும்போது வலக் கண்ணில் உமி விழுந்தது. சேலைத் தலைப்பால் கசக்கித் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். இரவில் வலி கண்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். மறுநாள் யாரோ ஒரு கடையிலிருந்து கண் சொட்டு மருந்து வாங்கி வந்து கொடுத்தார்கள். அதை விட்ட இரண்டு நாள் சிவப்புக் குறைந்தது. "தூசிதானே ஆத்தா, தானாப் போயிரும்னு இருந்துட்டேன்" என்றார் அப்பத்தா எங்களிடம். பத்தாம் நாள் கருவிழியில் வெள்ளைப் புள்ளி தோன்றியது. கண் மருத்துவரிடம் போனபோது, பூஞ்சைக் கிருமியால் வந்த புண் என்றும், விட்ட சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது என்றும், அது கிருமிக்கு இடம் கொடுத்துவிட்டது என்றும் சொன்னார்களாம். பல மாத வைத்தியத்தில் புண் ஆறியது, தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரிகின்றன.

சிவப்பைக் குறைத்த மருந்து கண்ணைக் கெடுத்தது எப்படி? ஸ்டீராய்டு நல்ல மருந்தா, கெட்ட மருந்தா? இந்த வினாவை எங்கள் அறிவியல் மன்றத்தில் எழுப்பினோம். "தேடிப் படித்து வந்து சொல்லுங்கள்" என்று எங்கள் ஆசிரியை பணித்தார். தேடியபோது, இவ்வினாவுக்கு விடை காண உலகம் போற்றும் ஆய்வு ஒன்று நமக்கு மிக அருகில், மதுரையிலேயே நடந்திருப்பதை அறிந்து வியந்தோம். நாங்கள் கற்றதை இங்கே உங்கள் முன் வைக்கிறோம்.

அழற்சி என்பது யாது?

உடலில் காயம் பட்டாலும் கிருமி புகுந்தாலும் உடல் சும்மா இருப்பதில்லை. அவ்விடத்துக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. வெள்ளை அணுக்கள் விரைகின்றன. இதுவே அழற்சி. இதன் நான்கு அடையாளங்களாகிய செம்மை, வீக்கம், வெப்பம், வலி ஆகியவற்றை முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியைச் சேர்ந்த செல்சஸ் எழுதி வைத்தார். உறுப்பு தன் வேலையைச் செய்ய முடியாமற் போதல் என்பதைப் பிற்காலத்தார் ஐந்தாவதாகச் சேர்த்தனர்.

அழற்சி நம்மைக் காக்க வருவதே. ஆனால் ஊரைக் காக்க வந்த படை வயலை மிதித்து அழிப்பது போல, அளவு மீறிய அழற்சி உறுப்பையே கெடுத்துவிடும். கையில் தழும்பு நின்றால் கேடில்லை. கருவிழியில் நின்றால் பார்வையே போய்விடும். கண்தானத்தின்போது எடுக்கப்படுகிற கார்னியா என்னும் கண்ணாடி போன்ற படலத்தையே கருவிழி என்கிறோம். அதன் நடுப்பகுதியின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகையால்தான் அது தெளிவாய் இருக்கிறது. அங்கே சிறு தழும்பு உண்டானாலும் சன்னற் கண்ணாடியில் சுண்ணாம்பு பூசியது போல் ஆகிவிடும்.

ஸ்டீராய்டு மருந்து இந்த அழற்சியை அடக்குகிறது. அதனால் சிவப்பும் வலியும் குறைகின்றன. ஆனால் கிருமியை அது கொல்வதில்லை. எதிர்த்து நின்ற படையையும் அடக்கிவிடுவதால், கிருமி தடையின்றிப் பெருகக் கூடும். பூஞ்சைப் புண்ணில் இந்த அபாயம் மிக அதிகம். அப்பத்தாவின் கண்ணில் நிகழ்ந்தது இதுவே.

ஒரே தோற்றம், இரு பகைவர்

1993-ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்தில் கணக்கிட்டபோது, ஆண்டுக்கு 1,00,000 பேரில் சுமார் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாவதாகத் தெரிய வந்தது. அமெரிக்காவில் கணக்கிடப்பட்டதைப் போல் இது சுமார் பத்து மடங்கு. அந்நாளில் தேனி, போடி, உத்தமபாளையம், கம்பம் ஆகியவையும் மதுரை மாவட்டத்திலேயே இருந்தன. தேனி மாவட்டம் 1996-ல்தான் பிரிக்கப்பட்டது.

1994-ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச்சு வரை மூன்று மாதங்களில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களில் 284 பேருக்கு முன்னதாகக் கருவிழியில் காயம் பட்டிருந்தது. புண்ணிலிருந்து சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்த்ததில் 297 பேரிடம் கிருமி அகப்பட்டது. அவர்களுள் 140 பேருக்குப் பாக்டீரியா மட்டும். 139 பேருக்குப் பூஞ்சை மட்டும்.

இந்த இரண்டு எண்களையும் தோழியர் மனத்தில் கொள்ள வேண்டும். பாதிக்குப் பாதி! பாக்டீரியாவுக்கு உரிய மருந்து பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சைக்கு உரியது பாக்டீரியாவைக் கொல்லாது. இரண்டுக்கும் சிவப்பு ஒன்றே, வலி ஒன்றே. வெறுங் கண்ணால் பார்த்துக் கடையில் மருந்து வாங்குவது, நாணயத்தைச் சுண்டிவிட்டு வைத்தியம் செய்வதற்கு ஒப்பாகும்.

மருத்துவர்களுக்கே வந்த ஐயம்

பூஞ்சைப் புண்ணுக்கு ஸ்டீராய்டு ஆகாது என்பதில் ஐயமில்லை. பாக்டீரியாப் புண்ணுக்கு? இங்கேதான் உலகெங்கும் கண் மருத்துவர்கள் பல்லாண்டு காலம் இரு கட்சியாய் நின்றனர். "கிருமிக்கொல்லி மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்தால் தழும்பு குறையும், பார்வை மிஞ்சும்" என்றனர் ஒரு சாரார். "புண் ஆறாது, கருவிழி ஓட்டையாகிவிடும்" என்றனர் மறு சாரார். இரு சாராரும் கற்றறிந்தவர்களே. ஆயினும் ஒவ்வொருவரும் தாம் கண்ட சில நோயாளிகளை வைத்தே பேசினர்.

இந்த வழக்கைத் தீர்க்க முன்வந்த இடங்களுள் முதன்மையானது அரவிந்த் மருத்துவமனை. அதை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1918-ல் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்தவர். முப்பது வயதளவில் முடக்குவாதம் என்னும் மூட்டு அழற்சி நோய் அவர் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, 1,00,000-க்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். 1985-ல் தேனியிலும் அதன் கிளை ஏற்பட்டது. 2006-ல் அவர் மறைந்தார். அதே ஆண்டில்தான், மதுரை, கோவை, திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனைகளும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் டார்ட்மத் மருத்துவ நிலையமும் சேர்ந்து இந்த ஆய்வில் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கின. 2010 வரை சேர்க்கப்பட்டவர்கள் 500 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டவர்.

சீட்டுப் போட்டா வைத்தியம் பார்ப்பது?

ஆய்வு நடந்த முறையை அறிந்தபோது எங்களுக்கு முதலில் திகைப்பாகவே இருந்தது. யாருக்கு ஸ்டீராய்டு, யாருக்கு இல்லை என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. நோயாளியும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத் தற்செயலே முடிவு செய்தது! தோழியின் அப்பத்தாவிடம் இதைச் சொன்னபோது, "என்ன ஆத்தா, எங் கண்ணுக்குச் சீட்டுப் போட்டா வைத்தியம் பாப்பாக?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடியபோது ஐந்து செய்திகளை அறிந்தோம்.

முதலாவது, ஒருவரையும் வைத்தியமின்றி விடவில்லை. புண்ணைச் சுரண்டிப் பரிசோதித்துப் பாக்டீரியாதான் என்று உறுதி செய்தபின், 500 பேருக்கும் மாக்ஸிஃபிளாக்சசின் என்னும் கிருமிக்கொல்லி சொட்டு மருந்து கொடுத்தனர். 48 மணி நேரம் அது வேலை செய்தபிறகே மேற்கொண்டு பிரித்தனர். ஒரு பாதிப் பேருக்குப் பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு சொட்டு. மறு பாதிப் பேருக்கு அதைப் போன்றே தோன்றும், ஸ்டீராய்டு சேராத வெறுஞ் சொட்டு.

இரண்டாவது, சீட்டு எதற்கு? மருத்துவரே பிரித்தால், நோய் கடுமையாக உள்ளவரை அறியாமலே ஒரு பக்கம் சேர்த்துவிடக் கூடும். பிறகு எந்தப் பக்கம் தேறினாலும் அது மருந்தால் வந்ததா, ஆளால் வந்ததா என்று சொல்ல இயலாது. தற்செயல் யாருக்கும் உறவும் இல்லை, பகையும் இல்லை. முதியோர், இளையோர், பெரிய புண், சிறிய புண் எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒப்பாய் அமைந்துவிடும். 1948-ல் பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்தபோது இம்முறையைக் கையாண்டு வழிகாட்டினர். சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையமும் இதே முறையில்தான், வீட்டில் இருந்தபடி மருந்துண்ணும் ஏழை நோயாளிகளும் சானடோரியத்தில் படுத்திருப்பவரைப் போலவே தேறுகிறார்கள் என்று 1959-ல் உலகுக்கு எடுத்துக் காட்டியது.

மூன்றாவது, எந்தப் புட்டியில் எது என்று நோயாளிக்கும் தெரியாது. பார்வையைச் சோதித்தவருக்கும் தெரியாது. தெரிந்தால் ஆசை கண்ணை மறைக்கும் அன்றோ!

நான்காவது, நோயாளியின் சம்மதம். ஆய்வின் நோக்கம், நன்மை, அபாயம் எல்லாவற்றையும் அவர் தாய்மொழியில் விளக்க வேண்டும். மறுத்தால் வழக்கமான வைத்தியம் குறைவின்றிக் கிடைக்க வேண்டும். சேர்ந்தபின்னும் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, கண்காணிப்பு. ஒரு பக்கத்தாருக்குத் தீங்கு மிகுவதாகத் தெரிந்தால் ஆய்வை நிறுத்தச் சொல்லத் தனிக் குழு உண்டு. மேலும் நம் நாட்டில் மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்யும் பொதுப் பதிவேடு 2007-ல் தொடங்கியது. 2009 சூன் முதல் பதிவு கட்டாயமாயிற்று. பிடிக்காத முடிவை மறைத்துவிடாதிருக்க இது ஒரு காவல்.

இவற்றை அப்பத்தாவிடம் விளக்கினோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "ரெண்டு பக்கத்தாருக்கும் கிருமி மருந்து உண்டுல்ல? எங்கிட்டக் கேக்காமச் செய்யலைல்ல? அப்பச் சரி" என்றார். இந்த இரண்டு கேள்விகளுமே மருந்து ஆய்வின் அறநெறிக்கு அடிப்படை என்பதை நாங்கள் அப்போது உணர்ந்தோம்.

கிடைத்த விடை

மூன்று மாதம் கழித்து எல்லாருடைய பார்வையையும் அளந்தனர். முடிவு 2012-ல் வெளியாயிற்று. ஸ்டீராய்டு விட்டவர்களுக்கும் விடாதவர்களுக்கும் பார்வையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருவிழி ஓட்டையாவதும் அதிகரிக்கவில்லை. பெரும் நன்மை என்றவர்களும் பெரும் தீமை என்றவர்களும் ஒருங்கே தோற்றனர்!

"இவ்வளவு பாடுபட்டு, வேறுபாடு இல்லை என்றா கண்டார்கள்?" என்று எங்களில் சிலர் ஏமாற்றம் அடைந்தோம். ஆனால் ஆழ்ந்து நோக்கினால் இன்னும் உண்டு. தொடக்கத்திலேயே விரல்களை எண்ணும் அளவுக்கோ அதற்கும் கீழோ பார்வை குன்றி வந்தவர்களுக்கு ஸ்டீராய்டு ஓரளவு நன்மை செய்ததாகத் தெரிந்தது. நோகார்டியா என்னும் பாக்டீரியாவால் புண் வந்தவர்களுக்கோ, ஸ்டீராய்டு தழும்பைப் பெரிதாக்கியது. ஆக, "ஸ்டீராய்டு நல்லதா, கெட்டதா?" என்ற எங்கள் வினாவே பிழையானது. எந்தக் கிருமி, எந்த நிலை, யார் கண்காணிப்பில் என்று கேட்டிருக்க வேண்டும்.

மேலும் இரண்டு ஆய்வுகள்

பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டமைசின் என்னும் பழைய சொட்டு மருந்தா, வோரிகோனசோல் என்னும் புதிய மருந்தா என்ற வினா எழுந்தபோது, அரவிந்த் மருத்துவமனைகளில் 323 பேர் பங்கு கொண்டனர். 2013-ல் முடிவு வெளிவந்தது. புதியதே வெல்லும் எனப் பலர் எதிர்பார்க்க, பழையதே வென்றது. நாட்டமைசின் பெற்றவர்களுக்குப் பார்வை மேலாக இருந்தது. கருவிழி ஓட்டையாவதும் குறைந்தது. நம் வயல்களில் காணும் ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையால் வந்த புண்ணில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது.

கிருமியே இல்லாமல், உடலின் காவற்படை தன் கண்ணையே தாக்குவதும் உண்டு. கண்ணின் நடுப்படலத்தில் வரும் இந்த அழற்சிக்கு யுவியைடிஸ் என்று பெயர். நீண்ட காலம் ஸ்டீராய்டு உண்டால் சர்க்கரை நோய், எலும்புத் தேய்வு, கண்புரை போன்ற தொல்லைகள் வரலாம். ஆதலால் அதைக் குறைக்க வேறு மருந்து வேண்டும். முடக்குவாதத்துக்குக் கொடுக்கப்படும் பழைய, விலை குறைந்த மெத்தோட்ரெக்சேட்டையும், மைகோஃபினோலேட் என்பதையும் ஒப்பிட, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 216 பேரைக் கொண்டு ஆய்வு நடந்தது. மதுரை அரவிந்த் மருத்துவமனை அதில் முன்னணியில் நின்றது. 2019-ல் வெளியான முடிவின்படி, மெத்தோட்ரெக்சேட் பெற்றவர்களில் 100-க்குச் சுமார் 67 பேருக்கும் மற்றதைப் பெற்றவர்களில் 57 பேருக்கும் அழற்சி அடங்கியது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக் கூடியதே. ஆயினும் மைகோஃபினோலேட் மேலானது என்ற எண்ணத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஏழைக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

ஊருக்குள்ளே நடந்த ஆய்வு

வந்த புண்ணை ஆற்றுவதைவிட வராமல் தடுப்பது மேல் அல்லவா? மதுரை மாவட்டக் கிராமங்களில் சுமார் 48,000 மக்களை 18 மாத காலம் கிராம நலப் பணியாளர்கள் கண்காணித்தனர். கண்ணில் அடிபட்டவர்களைத் தேடிச் சென்று பார்த்து, கருவிழியில் கீறல் இருந்த 374 பேருக்கு மூன்று நாள் களிம்பு இட்டனர். எல்லாருக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் களிம்பு. அதனுடன் பாதிப் பேருக்குப் பூஞ்சையைக் கொல்லும் களிம்பு, மறு பாதிப் பேருக்கு மருந்தில்லாக் களிம்பு. 2006-ல் வெளியான முடிவு இது: இரு பக்கத்தாருக்கும் பூஞ்சைப் புண் ஒன்று போலவே தடுக்கப்பட்டது. பூஞ்சை மருந்து சேர்த்ததால் வந்த பலன் அன்று அது. காரணம் எதுவாயினும், கீறல் பட்ட உடனே ஒருவர் வந்து பார்த்து வைத்தியம் தொடங்கியபோது அந்த ஊர்களில் புண் குறைந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

நாம் செய்ய வேண்டியவை

1. கண்ணில் உமியோ தூசியோ விழுந்தால் கசக்கக் கூடாது. சுத்தமான நீரால் கழுவ வேண்டும்.

2. உறுத்தல், வலி, சிவப்பு, கண் கூசுதல் நீடித்தால் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பத்து நாள் காத்திருத்தல் ஆகாது.

3. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் கண்ணில் விடலாகாது. நாக்கால் தூசி எடுக்கவும் விடக்கூடாது.

4. மருத்துவர் எழுதித் தராத சொட்டு மருந்தை வாங்கலாகாது. சிவப்புக் குறைவது நோய் குறைவதற்கு அடையாளம் அன்று.

5. களத்தில் வேலை செய்யும் பெற்றோருக்குக் காப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுக்க முயல்வோம்.

அன்புத் தோழியரே, பெற்றோரே! அந்த 500 பேரின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கருவிழிப் புண் வயலில் உழைப்பவரையே பெரிதும் தாக்குவது. வலியோடும் அச்சத்தோடும் வந்த இடத்தில், தங்களுக்கு எந்தப் புட்டி வரும் என்று தெரியாமலே, "சரி, சேர்கிறேன்" என்று அவர்கள் கையொப்பமோ கைநாட்டோ இட்டார்கள். இன்று உலகில் எந்த நாட்டுக் கண் மருத்துவரும் இவ்வினாவுக்கு அவர்கள் தந்த விடையைப் படிக்கிறார். பள்ளிக்கூடம் காணாதவர்களும் உலகுக்குப் பாடம் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எங்கள் தோழியின் அப்பத்தா இந்த ஆண்டும் களத்துக்குப் போகிறார். இம்முறை கண்ணாடி அணிந்து போகிறார். யாராவது கண்ணைக் கசக்கக் கண்டால், "கசக்காத, கழுவு, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அதட்டுகிறாராம். அந்தக் குரல் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒலிக்கட்டும்.